மழைக்குச் சொன்ன கதை

அத்தியாயம் 9

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் சின்னவள் அன்று காலை மூன்றாவது தடவையாகக் குடையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"வெயில் மண்டையைப் பிளக்கப் போகுது. குடை எதுக்கு?" என்றார் அவள் கணவர்.

"இருக்கட்டுமே. நீங்களா தூக்கப் போறீங்க?"

கட்டடங்களை அளந்து படம் வரைவது அவர் தொழில். பேச்சையும் அளந்துதான் பேசுவார். ஆபீசில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இந்த வாரம் அங்குலம் வழக்கத்தைவிடவும் குறைவாகப் பேசினார். சின்னவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. ஏழு நாளாக அவள் இரண்டு கடிதங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் என்று நாம் சொன்னாலும் அவள் வயது நாற்பதைத் தொடப்போகிறது. அக்கா என்று ஒருத்தி இருக்கிற வரை தங்கை எத்தனை வயதானாலும் சின்னவள்தானே! பழங்கட்டடக் கழகத்தில் அவள் வழிகாட்டி. ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு பழைய தெருக்களில் நடப்பாள். எந்த வளைவு எப்போது கட்டியது, எந்தச் சுவரில் சுண்ணாம்பு, எதில் சிமெண்ட் என்று சொல்லிக்கொண்டே போவாள். கேட்பவர்களுக்குக் கால் வலி தெரியாது.

அந்த இரண்டு கடிதங்களும் போன வாரம் வந்தவை. ஒன்று அக்காவுக்கு. 'இரட்டைப் படி வீட்டை இடிக்க இருக்கிறோம். முப்பது நாளில் காலி செய்யவும்.' கட்டடத்தின் சொந்தக்காரர் அனுப்பியது. அந்த வீட்டின் இரண்டாவது மாடியில்தான் அக்கா பதின்மூன்று வருடமாகக் குடியிருக்கிறாள். அங்கேயே ஒரு மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். கணவர் போன பிறகு அவளுக்கு வீடும் அதுதான், பிழைப்பும் அதுதான்.

வீடு தப்ப ஒரே வழி, அது பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏற வேண்டும். கழகம் முன்பே மனுப் போட்டிருந்தது. அந்தப் பட்டியலை முடிவு செய்கிற மூன்று பேர் கொண்ட குழு இன்று காலை நேரில் வந்து பார்க்கிறது. மாலை நான்கு மணிக்கு நகர மண்டபத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் உரை. அது முடிந்ததும் அங்கேயே விசாரணை.

இரண்டாவது கடிதம் அந்தப் பேராசிரியரிடமிருந்து சின்னவளுக்கு. இரண்டே வரி. 'மனுவில் முதல் காரணமாகக் காட்டியிருக்கும் சகோதரர்கள் வரலாற்றுக்கு மூல ஆவணம் எது? உரைக்கு முன் பார்க்க விரும்புகிறேன்.'

மூல ஆவணம்! அது எங்கே இருக்கிறது என்று சின்னவளுக்கு மிக நன்றாகத் தெரியும். எங்குமே இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் இந்த வேலைக்குப் புதிது. மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ. இரட்டைப் படி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு பேரையும் கீழ்க்கூடத்துக்குள் ஒதுக்கினாள். சுண்ணாம்பு பற்றிச் சொன்னாள், செங்கல் பற்றிச் சொன்னாள், சரக்கு தீர்ந்துவிட்டது. மழை தீரவில்லை. நாலு பேர் நனைந்தாலும் பரவாயில்லை என்று கிளம்பப் பார்த்தார்கள். நாலு பேர் போனால் நாற்பது பேரிடம் போய்ச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் கேட்டார்: "ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு படி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வழிகாட்டி வாயில் வரவே வராத வார்த்தை அது. "ரெண்டு அண்ணன் தம்பிங்க..." என்று ஆரம்பித்தாள். ஒரே வீடு, பேச்சு வார்த்தை இல்லை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க ஆளுக்கொரு படி கட்டிக்கொண்டார்கள். முப்பது வருடம் ஒருவர் காலடிச் சத்தத்தை மற்றவர் கேட்டுக்கொண்டே ஏறி இறங்கினார்கள். மழை விட்டும் யாரும் நகரவில்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் எல்லாரும் அதையே கேட்டார்கள். மற்ற வழிகாட்டிகளும் அதையே சொன்னார்கள். கழகத்தின் கையேட்டில் ஏறியது. படத்தோடு அஞ்சலட்டையில் ஏறியது. கடைசியில் மனுவில், முதல் காரணமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் மறுக்க வேண்டும் என்று நினைத்தாள்; ஒவ்வொரு தடவையும் மென்று விழுங்கினாள்.

இப்போது அக்காவின் கூரை அந்தக் கதையின் மேல் நிற்கிறது.

---

ஒன்பது மணிக்கு முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். குழுவின் தலைவி முன்னால் நின்றார். நரைத்த முடி, நடைக்கேற்ற ஷூ, கையில் கையேடு. சொந்தக்காரரின் ஆள் ஒருவனும் வந்திருந்தான். கதவுகளைத் திறந்து காட்ட வந்தவன். இடுப்பில் முப்பது நாற்பது சாவிகள் தொங்கும்; அவன் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். அந்தக் கட்டடத்தில் அவனுக்குச் சாவிக்கொத்து என்றே பெயர்.

சின்னவள் நடத்திக்கொண்டு போனாள். நாக்கு தானாகப் பேசியது. "இந்த ஜன்னல் வளைவைப் பாருங்க. நடுவுல இருக்கற செங்கல் மட்டும் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு பாருங்க. அதை உருவினா மொத்தமும் கொட்டிடும்." வழக்கமாக இதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வரும். இன்று அவள் அதற்குக் காத்திராமல் அடுத்த கட்டடத்துக்கு நடந்தாள்.

இரட்டைப் படி வீட்டின் கீழ்க்கூடத்துக்கு வந்தார்கள். இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி. இரண்டும் ஒரே கூண்டுக்குள் சடை பின்னினாற்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நான்கு மாடி ஏறுகின்றன. நடுவில் ஒரு மெல்லிய சுவர். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வீடு. இடப்படியில் ஏறினால் இடப்பக்கத்து வீடு. வலப்படியில் ஏறினால் வலப்பக்கத்து வீடு. கீழே இந்தக் கூடத்திலும் மேலே மொட்டைமாடியிலும் தவிர இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை.

சின்னவள் வழக்கம்போலக் கூட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு படியிலும் ஏற்றினாள். "பேசுங்க, சிரிங்க. பக்கத்துல கேக்கும். ஆனா ஆளைப் பார்க்க முடியாது." சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், இந்தப் பக்கம் சிரித்தார்கள்.

எல்லாரும் இறங்கி வந்ததும் தலைவி கையேட்டை மூடினார். "அந்த அண்ணன் தம்பி கதையை உங்க வாயால கேக்கணும். அதுக்காகத்தான் நானே வந்தேன்."

இரண்டாவது மாடித் திருப்பத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அக்கா. கழுத்தில் இஞ்ச் டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். துணி கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

சின்னவள் மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். பிறகு கதையைச் சொன்னாள். பதினோரு வருடத்தில் அவ்வளவு மோசமாக அவள் அதைச் சொன்னதில்லை.

"இதை எங்கே எழுதி வெச்சிருக்காங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கறுப்புப் பையோடு ஓர் ஒல்லி மனிதர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழைப்பிதழில் பார்த்த முகம். பேராசிரியர்! மாலை உரைக்குத்தான் வருவார் என்று இருந்தவள், காலையிலேயே கூட்டத்தோடு நடந்து வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

"சாயங்காலம்... சாயங்காலம் காட்டறேன்."

"அவகிட்ட எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்குங்க!" என்றாள் அக்கா மேலிருந்து, குண்டூசியை எடுத்துவிட்டு. "என் தங்கச்சி சும்மா சொல்ல மாட்டா."

சாவிக்கொத்து தன் சாவிகளை ஒரு தடவை குலுக்கினான். சின்னவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

---

பகல் ஒரு மணிக்கு அங்குலம் வீட்டில் படம் வரையும் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரொட்டியும் டீயும் ஆறிப்போய் ஓரத்தில் கிடந்தன. சின்னவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. ஒரு பொய்யால ஒரு வீடு நிக்குதுன்னா, நிக்கட்டுமேன்னு..."

"நீங்களா இப்படிப் பேசறீங்க? கால் அங்குலம் தப்பினா படத்தையே கிழிச்சுப் போடறவர்!"

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து விரித்தார். இரட்டைப் படி வீட்டின் இரண்டாவது மாடி. மனுவோடு கொடுத்த படம், அவர் போட்டதுதான்.

"இதுல நாலு அடி பொய்," என்றார்.

"என்னது?"

"மத்த மாடியெல்லாம் வெளிய அளந்தாலும் உள்ள அளந்தாலும் கணக்கு ஒத்துப் போகுது. ரெண்டாவது மாடியில மட்டும் உள்ள நாலு அடி குறையுது. உன் அக்கா ரூமுக்கும், பக்கத்துல பூட்டிக் கிடக்கற வீட்டுக்கும் நடுவுல. மூணு தடவை அளந்தேன். நான்தான் தப்பா அளக்கறேன்னு நினைச்சேன். மறுநாள் மனு கொடுக்கணும். அதனால..." அவர் படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் தொட்டார். "உன் அக்கா ரூமுக்கு ரெண்டு அடி, பக்கத்து வீட்டுக்கு ரெண்டு அடின்னு படத்துல பகிர்ந்து கொடுத்துட்டேன்."

சின்னவள் அவரையே பார்த்தாள். இந்த மனிதரா?

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நாலடிச் சுவரைப் பேப்பர்ல மறைச்ச ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நான் சாயங்காலம் உண்மையைச் சொல்லிடப் போறேன்," என்றாள் சின்னவள்.

"வீடு போயிடும்."

"சொல்லாட்டியும் போயிடும். அந்தப் பேராசிரியர் விட மாட்டாரு. பொய்னு அவர் வாயால வந்தா கழகமே பொய்னு ஆயிடும்."

"உன் அக்காகிட்ட முதல்ல சொல்லிடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் முடியவில்லை. அவளுக்கும் அங்குலத்துக்கும் கல்யாணப் பேச்சு நடந்தபோது, அக்கா விளையாட்டாக இவர் வீட்டாரிடம் ஒன்று சொல்லிவிட்டாள்: "என் தங்கச்சி சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோங்க." இவர் வீட்டில் எல்லாருமே அளந்து பேசுகிறவர்கள். விளையாட்டு என்று தெரியாமல் உண்மையிலேயே கழித்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அந்தக் கோபத்தில் சின்னவள் இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று, பேச்சும் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் அக்கா ஒரு நாளும் அவள் சொன்னதில் எதையும் கழித்ததில்லை. இப்போது போய், நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று எந்த வாயால் சொல்வது?

"நீங்க நாலு அடியைச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அங்குலம் சுருளை மெதுவாகச் சுற்றினார். "என் வேலை போயிடும்," என்றார்.

அவளால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

---

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அக்கா இரண்டாவது வரிசையில், வெளியே போகும்போது மட்டும் போர்த்துகிற பச்சைச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் அங்குலம். அவருக்கு மூன்று நாற்காலி தள்ளிச் சாவிக்கொத்து.

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். நகரம் ஆற்றங்கரையிலிருந்து எப்படி மேட்டுக்கு ஏறியது, மரத்தூண் போய் எப்படி இரும்புத்தூண் வந்தது என்று ஒவ்வொரு படமாகக் காட்டினார். சின்னவளுக்கு ஒரு சொல் காதில் ஏறவில்லை. மடியில் இருந்த குடையின் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

கடைசிப் படம் இரட்டைப் படி. "இது அபூர்வமான வேலைப்பாடுதான். ஆனா சட்டத்துக்கு அது போதாது. யார் கட்டினாங்க, எப்போ, எதுக்காகன்னு ஏதாவது ஒண்ணு நிரூபிக்கணும். வழிகாட்டி அம்மா ஆதாரத்தோட வந்திருக்காங்கன்னு நினைக்கறேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அக்காவின் தலை முதலில் திரும்பியது. முகத்தில் அவ்வளவு பெருமை.

சின்னவள் மேடைக்குப் போனாள். மைக்கைப் பிடித்தாள்.

"அந்த அண்ணன் தம்பி கதைக்கு ஆதாரம் கிடையாது. யாரும் எழுதி வைக்கல. நான்தான் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால, மழைக்கு ஒதுங்கின இருபத்திரண்டு பேரை நிறுத்தி வைக்கறதுக்காக, அந்த இடத்துலயே கட்டிச் சொன்னேன்."

நூற்றைம்பது பேரும் சேர்ந்து பேசினார்கள். தலைவி மேஜையைத் தட்டினார்.

"முழுக்கவே கற்பனையா?" என்றார் பேராசிரியர். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"முழுக்க இல்ல," என்றாள் சின்னவள். "அன்னைக்கு அந்த வீட்டு ரெண்டாவது மாடியில என் அக்கா குடியிருந்தா. எனக்கும் அவளுக்கும் ரெண்டு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. நான் கீழ நிக்கறேன், மேல அவ மெஷின் ஓடற சத்தம் கேக்குது. திடீர்னு நின்னுச்சு. இறங்கி வந்துடுவாளோன்னு பயம். எந்தப் படியில வருவா, நான் எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்போதான் ஒருத்தர் கேட்டாரு, எதுக்கு ரெண்டு படின்னு. என் வாயில அதுதான் வந்துச்சு. அக்கா தங்கச்சியை அண்ணன் தம்பின்னு மாத்திக்கிட்டேன். அவ்வளவுதான். இதுக்காக அவ வீட்டை இடிச்சுடாதீங்க. தப்பு என்னோடது."

அவள் இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பச்சைச் சால்வை வாசல் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "மனுவின் முதல் காரணத்தை நீக்கறோம். மீதி இருக்கறது கட்டடத்தின் வரைபடம் மட்டும்தான். அதை வெச்சு..."

"அதுவும் தப்பு!"

கடைசி வரிசையில் அங்குலம் எழுந்து நின்றிருந்தார். அந்த மனிதர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. நாலு அடியையும், அதைத் தான் பகிர்ந்து கொடுத்ததையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, யாரும் உள்ள போக முடியாம நாலு அடி இருக்கு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "காகிதம் இல்லேன்னா கட்டடமே சாட்சி சொல்லலாம். அந்தச் சுவரை நான் பார்க்கணும்."

குழுவின் மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். "நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு எங்க முன்னாடி அந்தச் சுவர் திறக்கப்படும்," என்றார் தலைவி. "உள்ள ஒண்ணும் இல்லேன்னா மனு தள்ளுபடி. அது வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

சின்னவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்குலத்தைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டுவிட்டார். மூன்று நாற்காலி தள்ளி யாரும் இல்லை.

அவள் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அக்காவைத் தேடி ஓடினாள்.

---

கீழ்க்கூடத்தில் சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி.

"அக்கா!"

எங்கோ மேலிருந்து குரல் வந்தது: "எந்தப் படியில வர்றே?"

"நீ எதுல இருக்கே?"

"ஊருக்கே வழி காட்டறவதானே. கண்டுபிடி."

சின்னவள் இடப்படியில் ஏறினாள். முதல் மாடி தாண்டித் திருப்பத்தில் அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சால்வை மடியில் சுருண்டு கிடந்தது. மூக்கு சிவந்திருந்தது. சின்னவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"மெஷினை ஏன் நிறுத்தினேன் தெரியுமா அன்னைக்கு?" என்றாள் அக்கா. "உன் குரல் கேட்டுச்சு. இதே படியில வந்து நின்னு முழுக்கக் கேட்டேன். யாரோ அண்ணன் தம்பியாம், பாவம்னு அழுதுட்டு உள்ள போயிட்டேன். நம்மளைத்தான் நீ சொல்றேன்னு என் மரமண்டைக்கு உறைக்கவே இல்ல. உறைச்சிருந்தா அன்னைக்கே இறங்கி வந்திருப்பேன்டி."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? நூத்தம்பது பேரோட சேர்ந்து கேக்க வெச்சியே!"

"சொன்னா நீ பாதியைக் கழிச்சுடுவேன்னு பயந்தேன்."

அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கத்தான் வைத்தாள். "இன்னைக்கு நீ சொன்னதுல கழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல," என்றாள். அப்புறம் சால்வையால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். நல்ல சால்வை. யாரையும் தொடக்கூட விடமாட்டாள்.

சின்னவள் நாலு அடியைப் பற்றிச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதானே! படத்துல என் ரூம் பெருசா இருக்கேன்னு பார்த்தேன்... இரு. குடி வந்த புதுசுல அந்தச் சுவத்துல கண்ணாடி மாட்ட ஆணி அடிச்சேன். ரெண்டு தட்டு தட்டினதும் ஆணி உள்ள போயிடுச்சு. போனது சுவத்துக்குள்ள தங்கல. கீழ விழுந்துச்சு. எது மேலயோ பட்டு டிங்னு ஒரு சத்தம். தகரப் பெட்டி மேல விழுந்த மாதிரி."

"பதிமூணு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஓர் ஆணி போனதையெல்லாமா சொல்லிக்கிட்டிருப்பாங்க?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், வலப்படியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, சத்தம் போடாமல் ஏறப் பார்க்கிற நடை. ஆனால் நாற்பது சாவிகளைக் கையால் பொத்தினாலும் ஒன்றிரண்டு கிணுகிணுக்கத்தான் செய்யும். அதோடு இன்னொரு சத்தம். கனமான இரும்பு ஒன்று ஒவ்வொரு படியிலும் இடித்து இடித்து ஏறியது. கடப்பாரை.

சத்தம் அவர்கள் தலைக்கு நேராகத் தாண்டி மேலே போயிற்று. இரண்டாவது மாடியில் பூட்டு திறந்தது.

"மண்டபத்துல அவர் சொன்னப்போ இவன் இருந்தான்," என்று கிசுகிசுத்தாள் சின்னவள். அங்குலத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 'உடனே வாங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க' என்று செய்தி அனுப்பினாள். விரல் மூன்று தடவை தப்பியது. "அவங்க வர்றதுக்குள்ள சுவத்தை உடைச்சு, உள்ள இருக்கறதை எடுத்துட்டான்னா? நாளைக்கு வெறும் ஓட்டையைத்தான் காட்டுவோம்."

"எடுத்துட்டு எப்படிப் போவான்?" என்றாள் அக்கா.

சின்னவள் யோசித்தாள். பதினோரு வருடமாக ஊருக்குச் சொன்னதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். "ரெண்டே வழி. ஏறின படியிலயே இறங்கணும். இல்லேன்னா மொட்டைமாடிக்கு ஏறி, இந்தப் படியில இறங்கணும்."

அக்கா எழுந்து சால்வையை இடுப்பில் சுற்றி இறுக்கினாள். விறுவிறுவென்று மேலே ஏறி, தன் வீட்டுக் கதவுக்குள் கையை விட்டுத் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "நான் இதுல மேல போய் மொட்டைமாடிக் கதவுகிட்ட நிக்கறேன். நீ கீழ இறங்கிப் போய் அந்தப் படியில ஏறு. எதுல வந்தாலும் எதிர்ல ஒருத்தி நிப்போம்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்ன? பேசிக்கிட்டே ஏறு. எனக்குக் கேக்கும்."

சின்னவள் கீழே ஓடினாள். கூடத்தைக் கடந்து, குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலப்படியில் கால் வைத்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி. ஏறு," என்றது சுவர்.

ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படாமல் இருப்பதற்கென்று கதையில் வந்த படிகள் அவை. இன்றுதான் முதல் தடவையாக அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு படியில் ஏறினார்கள்.

அவள் முதல் மாடியைத் தாண்டுவதற்குள், மேலே சுவரில் கடப்பாரை விழுந்தது. சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எல்லாம் நின்றுபோய், சாவிக்கொத்தின் குரல் மட்டும் வந்தது.

"ஐயையோ..." என்றான் அவன்.